பெர்லினில் ஒரு முகவரி

பெர்லினில் வேலை கிடைத்துவிட்டது என்று ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் கேள்வி குளிரைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி சாப்பாடு. என் சித்தி மகன் மட்டும் வரிசையை மாற்றி, "அக்கா, அங்க கறிவேப்பிலை கிடைக்குமா?" என்றுதான் ஆரம்பித்தான். கிடைக்கும். முருங்கைக்காயும் கிடைக்கும், இடியாப்ப மாவும் கிடைக்கும். "வீடு பாத்தாச்சா?" என்று நான் கேட்டேன். "அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்க்கா. முதல் மாசம் ஏதாவது ஹோட்டல்ல இருந்துக்கறேன்" என்றான்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பதில்தான். குளிரைச் சமாளித்துவிடலாம், நல்ல ஜாக்கெட் ஒன்றும் தண்ணீர் புகாத ஷூ ஒரு ஜோடியும் போதும். இரண்டையும் இங்கே வந்து வாங்குங்கள். தி.நகரில் ஜெர்க்கின் என்று விற்பது இங்கே ஜனவரி மாதத்தில் பனியனுக்குச் சமம். உண்மையான வேலை முகவரிதான். பெர்லினில் முகவரி இல்லாதவருக்கு எதுவும் நடக்காது. முகவரி கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வரும், அதுவும் தபாலில்.

இங்கே குடியேறினால் பதினான்கு நாட்களுக்குள் அரசாங்கத்திடம் போய் "நான் இந்த வீட்டில் வசிக்கிறேன்" என்று பதிவு செய்ய வேண்டும். ஜெர்மன்காரர்களுக்கும் இதே சட்டம்தான். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பியூர்கராம்ட் எனப்படும் வட்டார அலுவலகத்தில் செய்ய வேண்டும். பெர்லினில் மாவட்டங்கள் பன்னிரண்டு; நீங்கள் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் எந்த பியூர்கராம்ட்டுக்கும் போகலாம். ஆன்லைனில் நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். காலை எட்டு மணி வாக்கில் இணையப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தால், யாராவது ரத்து செய்த நேரம் கண்ணில் படும் என்பது ஊரறிந்த உத்தி. ஊரின் தென்கிழக்கு மூலையில் கிடைத்தாலும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ரயில் பயணம்தானே!

அந்த அலுவலகத்துக்குப் போகும்போது பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் ஒன்று வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், இதைவிட நீளமான சொற்களும் பின்னால் வரும். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே என்று நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2015 நவம்பரிலிருந்து இந்தக் கடிதம் கட்டாயம்.

இப்போது ஹோட்டல் விஷயத்துக்கு வருகிறேன். ஹோட்டல்காரர்கள் இந்தக் கடிதத்தைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு விடும் குறுகிய கால அறைகளிலும் அதே கதைதான். ஒருவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறையை உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார் என்றால், அதற்கு உண்மையான வீட்டுக்காரரின் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்மதம் இல்லாதவர் "பதிவு மட்டும் கேக்காதீங்க, வாடகை கம்மியா தரேன்" என்பார். அந்தக் கம்மி வாடகை வேண்டாம். ஆகவே ஊரிலிருந்து முன்பணம் அனுப்புவதற்கு முன்பே "அன்மெல்டுங் மோக்லிஷ்?" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதிவு செய்ய முடியுமா என்று அர்த்தம். மழுப்பலான பதில் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு பதிவுக்கு மட்டும் முகவரி கொடுப்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள், அது சட்டவிரோதம். வேலைக்கான முதல் ஒப்பந்தத்தைப் பேசும்போதே, பதிவு செய்யக்கூடிய தற்காலிக வீடு ஒன்றை நிறுவனமே ஏற்பாடு செய்து தருமா என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்பதைவிட இது லாபம்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். பலரும் சாதாரணமாக நிரப்பிவிட்டுப் போகும் கட்டம் அது. ஆனால் சம்பளத்தைத் தொடும் கட்டமும் அதுதான். கத்தோலிக்கர் என்றோ, இங்குள்ள புராட்டஸ்டண்ட் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றோ எழுதினால் திருச்சபை வரி பிடிப்பார்கள். பெர்லினில் அது நீங்கள் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம். மனமறிந்து கொடுப்பதென்றால் தாராளமாகக் கொடுங்கள். அந்தப் பணத்தில் மருத்துவமனைகளும் மழலையர் பள்ளிகளும்கூட நடக்கின்றன. தெரியாமல் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த வரி கிடையாது.

பதிவு முடிந்து சில வாரங்களில் பதினோரு இலக்க வரி எண் தபாலில் வரும். அது வரும்வரை உங்கள் நிறுவனம் உங்களை ஆறாம் வரி வகுப்பில் வைத்துச் சம்பளத்தைப் பிடிக்கலாம். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ந்துபோய் வேலையை விடாதீர்கள். எண் வந்ததும் சரிசெய்து திருப்பித் தருவார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண், வெளிநாட்டினர் அலுவலகத்தின் அழைப்பு எல்லாம் தபாலில்தான். வரவேற்புக் கடிதம் மாதிரி இன்னொன்றும் வரும்: ஒலிபரப்புக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை, ரேடியோ இல்லை, எனக்கு ஜெர்மனே தெரியாது என்று சொல்லியெல்லாம் தப்ப முடியாது. ஆனால் அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே வீட்டில் நாலு பேர் தங்கியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடலாம்.

இவ்வளவும் தபாலில் வரும் என்றேன். ஆனால் வந்து சேருமா? இங்கே வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தெருப்பெயர், கட்டட எண், அவ்வளவுதான். நம்மூரில் 'பழைய எண் 12, புதிய எண் 27, மூன்றாம் மாடி, பிள்ளையார் கோயில் எதிரில்' என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது புரியவே கொஞ்ச நாளாகும். பழைய பெர்லின் கட்டடங்களில் முன்வீடு, பக்கவீடு, முற்றத்தைத் தாண்டிப் பின்வீடு என்று அடுக்கடுக்காக இருபது முப்பது குடும்பங்கள் இருக்கும். தபால்காரருக்கு ஒரே அடையாளம் தபால் பெட்டியிலும் காலிங் பெல்லிலும் ஒட்டியிருக்கும் பெயர். சாவி கைக்கு வந்த அன்றே, படுக்கை விரிப்பதற்கு முன்னால், உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வரி எண் தாங்கிய கடிதமும் அப்படியே போகும்.

இதில் நமக்கென்றே ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. இனிஷியலோடு வளர்ந்த கூட்டம் நாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். உங்கள் பெயர் கார்த்திக், அப்பா பெயர் முருகேசன் என்றால், இங்கே நீங்கள் திரு. முருகேசன். அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், பக்கத்து வீட்டில் எல்லாரும் உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர், குழந்தையின் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் என்றால், ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். மூன்றையும் பெட்டியில் ஒட்டுங்கள். சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். அதை விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஊரில் சரிசெய்துகொள்வது நல்லது. ஒருமுறை இங்குள்ள ஏதோ ஒரு கணினியில் முழுப்பெயரும் குடும்பப் பெயராக ஏறிவிட்டால், பிறகு வரும் காகிதம் ஒவ்வொன்றும் அதையே பிரதியெடுத்துக்கொண்டு வரும். எழுத்துக்கூட்டலும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் அன்றே பிரியுங்கள். அது அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி சேர்ப்பித்த கடிதம். தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியை உறைமேலேயே எழுதிவைத்திருப்பார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் அது நிற்காமல் ஓடும். அபராத ஆணைக்கு ஆட்சேபணை தெரிவிக்க இரண்டே வாரம். மற்ற அரசு முடிவுகளுக்கு வழக்கமாக ஒரு மாதம். அந்த உறையைத் தூக்கி எறியாமல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். நீண்ட விடுமுறைக்குப் போகும்போது பெட்டிச் சாவியை நம்பகமான நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போவது இங்கே சாதாரண வழக்கம்.

சரி, நிரந்தர வீடு தேடுவதைப் பற்றி. விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருக்கும். கால்ட்மீட்டே என்பது வெறும் வீட்டுக்கு. வார்ம்மீட்டே என்பது தண்ணீர், குப்பை, மாடிப்படி துப்புரவு, பெரும்பாலும் சூடேற்றும் செலவு எல்லாம் சேர்த்து. கரண்டும் இணையமும் அதற்கும் வெளியே. வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, கூடுதலாகச் செலவழித்திருந்தால் பாக்கியைக் கேட்பார்கள். மிச்சமிருந்தால் திருப்பித் தருவார்கள். ஹீட்டரை ஐந்தில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குபவர்களுக்கு அந்தக் கடிதம் ஒரு பாடமாக இருக்கும். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. மூன்று தவணையாகக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைவாசிகளுக்கு இந்த ஊரில் கிடைக்கும் ஒரே மலிவான சந்தோஷம் இதுதான்.

வீடு பார்க்கப் போனால் மாடிப்படி முழுக்க ஆட்கள் நிற்பார்கள். மிகைப்படுத்தவில்லை. சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ஷூஃபா எனப்படும் கடன் நம்பகத்தன்மைச் சான்று, பழைய வீட்டுக்காரர் தந்த பாக்கியில்லாச் சான்று எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக வைத்துக்கொண்டு, பார்த்து முடித்த அன்று மாலையே அனுப்புபவருக்குத்தான் வீடு. புதிதாக வந்தவருக்கு ஷூஃபாவில் வரலாறே இருக்காது. அதை மறைக்காமல் சொல்லி, வேலை ஒப்பந்தத்தை முன்னால் வையுங்கள். சின்னதாக ஒரு அறிமுகக் கடிதம், ஜெர்மனில், யாரையாவது திருத்தச் சொல்லி அனுப்பினால் வித்தியாசம் தெரியும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்று யாராவது சொன்னால் அது மோசடி. விதிவிலக்கே இல்லை.

வீட்டைப் பார்க்கும்போது சமையலறைக்குள் எட்டிப் பார்த்தீர்களா? பல வீடுகளில் சமையலறை என்றால் நாலு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். அடுப்பு, அலமாரி, சிங்க் எல்லாம் போன குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், மின்விளக்கு உட்பட. அவரிடமே பேசி விலைக்கு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். புதிதாகப் பொருத்த வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சமையல் என்றதும் சொல்ல நிறைய இருக்கிறது. ஊர் மிக்ஸி இங்கே ஓடும். மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக்தான் வேறு. எர்த் இணைப்புள்ள நல்ல அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் எப்போது ஓட்டுவது? இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம். ஞாயிறு முழு நாளும் அமைதி நாள். ஞாயிறன்று சுவரில் துளை போட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார், அல்லது தட்டாமல் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவார். இரண்டாவதுதான் அதிகம். மாவு அரைப்பதைச் சனிக்கிழமைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மாவு புளிக்க, சுடாத அவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். 2020 முடிவுக்குள் பெர்லின் வீடுகள் எல்லாவற்றிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. சமையலறைக்குள் அது கட்டாயமில்லை, ஆனால் ஹாலிலும் படுக்கையறையிலும் இருக்கும். மிளகாய் வற்றல் தாளிக்கும்போது கதவைச் சாத்தி ஜன்னலைத் திறக்காவிட்டால் அதன் சத்தம் நாலு மாடிக்கும் கேட்கும். சமையல் ஆவி சுவரில் படிந்தால் பூஞ்சை வரும்; வீடு காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. அதனால் எவ்வளவு குளிராக இருந்தாலும் தினம் இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னலையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். ஜெர்மன்காரர்கள் இதைக் கோயில் நடை திறப்பது போல நேரம் தவறாமல் செய்கிறார்கள்.

காய்கறிக்குத் துருக்கியர் கடைகளே போதும். கொத்தமல்லி, புதினா, சின்ன வெண்டைக்காய், நல்ல கத்தரிக்காய் எல்லாம் அங்கே உண்டு. நாய்க்கோல்ன் பகுதியில் மாய்பாக்ஊஃபர் கால்வாய்க் கரையில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் சந்தை சாயங்காலம் கலையும் நேரத்தில் விலை சரிந்துவிடும். முருங்கைக்காய், கறிவேப்பிலை, சிவப்பரிசிக்கு ஈழத்தமிழர் கடைகள்.

அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க முடியவில்லை. நீங்கள் வந்து இறங்கும் பெர்லின் விமான நிலையம், 2020 அக்டோபரில் திறந்தது, பழைய ஷோனஃபெல்ட் நிலையத்தை ஒட்டியது. எண்பதுகளின் தொடக்கத்தில், குறிப்பாக 1983 கலவரத்துக்குப் பிறகு, ஈழத்தமிழர் பலர் அந்த ஷோனஃபெல்டில்தான் இறங்கினார்கள். அது அப்போது கிழக்கு ஜெர்மனி. வழிப்போக்கர் விசாவில் ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்கு ரயிலேறினார்கள். பெர்லின் பிரிவினையை மேற்கு ஏற்கவில்லை என்பதால், மேற்குப் பக்கம் அதை நாட்டு எல்லையாகக் கருதி விசா சோதனை வைக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் அந்த வழி அடைபட்டது. பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயில் அந்தத் தலைமுறை கட்டி எழுப்பியது. நல்ல சம்பளத்தோடும் விசாவோடும் வரும் நாம் அங்கே போகும்போது கொஞ்சம் அடக்கத்தோடு போகலாம் என்பது என் அபிப்பிராயம். கடையில் "இதுக்கு இலங்கைல என்ன பேரு?" என்று வேடிக்கை பேசுவதற்கு முன், அந்த ஐயா எப்படி இங்கே வந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, டிக்கெட் கேட்பவரும் கண்ணில் படமாட்டார். ஆனால் சாதாரண உடையில் வருவார். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. மெஷினில் வாங்கும் காகித டிக்கெட்டில் முத்திரை குத்த வேண்டும். வாங்கிக் குத்தாமல் வைத்திருப்பது வாங்காததற்குச் சமம். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஊருக்குள் போகும் ஏ-பி டிக்கெட் அங்கே செல்லாது. நாடு முழுக்கச் செல்லும் மாதாந்தரப் பயண அட்டை 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி 2025-இல் 58 ஆனது. பிறகும் ஏறியிருக்கிறது. தினம் அலுவலகம் போகிறவருக்கு இன்னமும் அதுதான் கட்டுப்படியாகும்.

ஞாயிறு கடை கிடையாது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் சில கடைகள் திறந்திருக்கும், அங்கே திருவிழாக் கூட்டம். ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் முன்பணம் 25 சென்ட். கடையிலேயே மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். உடம்புக்கு முடியாவிட்டால் இரவிலும் ஞாயிறிலும் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. சளி காய்ச்சலுக்கு டாக்டர் டீ குடிக்கச் சொல்வார், ஆன்டிபயாட்டிக் தரமாட்டார், கடையிலும் சீட்டில்லாமல் கிடைக்காது. ஊரிலிருந்து வரும்போது உங்கள் வழக்கமான மருந்துகளைச் சீட்டோடு கொண்டுவாருங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் பதிவு செய்ததிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் முதலிலிருந்து.

வரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் ஏப்ரல் அல்லது மே மாதத்தைக் கேளுங்கள். நவம்பரில் வந்து இறங்குபவர்களைக் குளிரைவிட இருட்டுதான் படுத்துகிறது. டிசம்பரில் எட்டேகாலுக்கு விடிந்து நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வீடு தேடவும் வேலை பழகவும் அது உகந்த காலமல்ல. குழந்தைகளோடு வருபவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள்: பள்ளிக்குப் போவது இங்கே கட்டாயம். தங்கை கல்யாணம் என்று நடுப்பருவத்தில் இரண்டு வாரம் ஊருக்குக் கூட்டிப்போக நினைத்தால் பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

அப்பா அம்மாவை அழைப்பதும் கோடையில்தான் நல்லது. நீங்கள் அவர்களுடைய செலவை ஏற்கிறீர்கள் என்ற உறுதிமொழிப் படிவத்தை வெளிநாட்டினர் அலுவலகத்தில் வாங்கி, அசலையே ஊருக்கு அனுப்ப வேண்டும். அதற்கான நேரமும் எளிதில் கிடைக்காது, மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். மூத்தவர்களுக்கு அதில் ஏற்கெனவே இருக்கும் நோய்கள் சேராது என்பதைப் படித்துப் பார்த்து எடுங்கள். தங்குவது அதிகபட்சம் தொண்ணூறு நாள். ஜூன் மாதம் இரவு ஒன்பதரைக்குத்தான் பொழுது சாயும். "இன்னும் விளக்கு வைக்கலையே, அதுக்குள்ள எப்படி ராத்திரிச் சாப்பாடு?" என்று அம்மா கேட்பார்கள். ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று வாங்கி மாட்டி வையுங்கள்.